ஒன்று விட்டு ஒரு வளைவு

அன்றைக்கு வண்டியில் இருந்தவர்களை முதலில் சரியாகச் சொல்லிவிடுகிறேன். ஓட்டினது நான். எனக்கு அடுத்து, கியர் கம்பிக்கு இந்தப் பக்கம் ஒரு காலும் அந்தப் பக்கம் ஒரு காலுமாக, தோட்டத்துக்கு ஆள் கூட்டிப்போகிற கங்காணியக்கா. அவருக்கு அடுத்து, இடது கதவை ஒட்டி, சிலமலையில் இருந்து முதல் பஸ்சில் வந்து போடியில் என் வண்டிக்கு மாறுகிற பெண். பின்னால் எதிரும் புதிருமாகப் போட்ட இரண்டு பலகையில் ஏழு பெண்கள். வலது பலகையில் நாலு, இடது பலகையில் மூன்று. நாலாவது ஆளுக்கான இடத்தில் எல்லாருடைய தூக்குவாளிகளையும் அடைத்த சாக்கு இருந்தது. ஆக, என்னோடு பத்துப் பேர். மெக்கானிக் பிறகுதான் பைக்கில் வந்தார், அவர் பதினொன்று. என் மனைவி போனில் மூன்று தடவை வந்தாள். அவளைச் சேர்க்கவில்லை.

இவ்வளவு துல்லியமாக எண்ணி வைத்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது. அது கடைசியில் வரும்.

என் வண்டி பழைய ஜீப்பு. காலை ஐந்தே முக்காலுக்குப் போடியில் ஆள் ஏற்றி, அடிவாரத்தில் முந்தல் தாண்டி, பதினேழு வளைவும் ஏறி, மலை உச்சியில் இருக்கிற மெட்டுக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டத்தில் இறக்கிவிட வேண்டும். எட்டு மணிக்குள் இறங்கினால் அவர்களுக்கு முழு நாள் கூலி. பத்து மணி தாண்டினால் அரை நாள்தான் எழுதுவார்கள். சாயங்காலம் அவர்களை ஏற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். நடுவில் எனக்கு வேறு சவாரி கிடையாது. ஏலச்செடி நிழலில் வண்டிக்குள் படுத்திருப்பேன். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவனுக்கு இதைவிட நிலையான சோலி கிடைக்காது என்று அப்போதும் நினைத்தேன், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

பயம் எனக்குப் பிறவியிலேயே ஒட்டிக்கொண்டு வந்தது. வண்டியைப் பூட்டிவிட்டுப் பத்தடி நடந்து, பூட்டினோமா என்று பார்க்கத் திரும்பிப் போகிற ஆள் நான். இறக்கத்தில் வரும்போது பிரேக் கருகுகிற வாடை லேசாக வந்தாலும் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். மலை இறங்குகிற எல்லா வண்டியிலும் அந்த வாடை வரும் என்று தெரியும். தெரிந்து என்ன செய்ய. தீப்பிடித்தால் பின்னால் இருக்கிற ஏழு பேரும் ஒரே வழியாகத்தானே இறங்க வேண்டும் என்று மனசு கணக்குப் போட்டுக்கொண்டே வரும்.

அதற்கு நானே ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தேன். மலை இறங்கியதும், முந்தல் பக்கம் ரோட்டை ஒட்டி ஓடுகிற ஓடையில் வண்டியை இறக்கி, முன்சக்கரம் இரண்டும் தண்ணீருக்குள் நிற்கிற மாதிரி பத்து நிமிஷம் நிறுத்திவிடுவேன். சக்கரம் தண்ணீரைத் தொட்டதும் 'சுர்'ரென்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டால்தான் எனக்கு மூச்சு வரும். பெண்களுக்கும் அது பிடித்துப்போயிற்று. காலெல்லாம் தோட்டத்துச் சேறு, கையெல்லாம் ஏலக்காய்ப் பிசின். இறங்கிக் கழுவி, முகத்தில் தண்ணீர் அடித்து, ஒருத்திக்கு ஒருத்தி முதுகில் அப்பியிருக்கிற அட்டையைத் தேடி எடுத்துவிட்டு ஏறுவார்கள். வேறு எந்த வண்டியிலும் இந்தப் பத்து நிமிஷம் கிடையாது. அதனாலேயே என் வண்டிக்கு ஒரு நல்ல பெயர் இருந்தது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட சமயம் வண்டியில் வேறொரு சத்தம் ஆரம்பித்தது. தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறவர்கள் பக்கத்தில் படுத்திருந்தால் கேட்குமே, அப்படி. நறநற என்று. நான் முதலில் கவனித்தது மூன்றாவது வளைவில். வளைவு முடிந்து வண்டி நேரானதும் நின்றுவிட்டது. நாலாவது வளைவில் காதைத் தீட்டிக்கொண்டு திருப்பினேன், ஒன்றும் இல்லை. அப்பாடா என்று இருந்தது. ஐந்தாவதில் மறுபடி நறநற.

தோட்டத்தில் இறக்கிவிட்டு, வண்டிக்குள் கிடந்த சீட்டுக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் கோடு போட்டு வைத்தேன். மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது என்று பதினேழு வரைக்கும் ஒன்று விட்டு ஒன்று. சரி, இதில் ஏதோ ஒழுங்கு இருக்கிறது, நாளைக்குப் புரியும் என்று நினைத்தேன். ஆனால் அன்று சாயங்காலம் இறங்கும்போது மூன்றாவது வளைவு சத்தமே போடவில்லை. நாலாவது போட்டது. ஆறு, எட்டு, பத்து எல்லாம் போட்டன. ஏறும்போது ஊமையாக இருந்த வளைவெல்லாம் இறங்கும்போது வாய் திறந்தது.

 வண்டியில் கோளாறு என்றால் எல்லா வளைவிலும் கேட்க வேண்டும். ரோட்டில் கோளாறு என்றால் ஏறும்போதும் இறங்கும்போதும் அதே இடத்தில் கேட்க வேண்டும். இது இரண்டும் இல்லாமல் காலையில் ஒற்றைப்படை, மாலையில் இரட்டைப்படை என்று முறை வைத்துக் கேட்டால் என்ன என்று எடுத்துக்கொள்வது? நோட்டை மனைவியிடம் காட்டினேன். அவள் கோடுகளைப் பார்த்துவிட்டு, "இது என்னங்க, தாயம் வெளையாண்டீங்களா?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அவளை மட்டும் ஏற்றிக்கொண்டு ஆறாவது வளைவு வரைக்கும் போய்வந்தேன். ஒரு சத்தமும் இல்லை. அவள் காற்று வாங்கினதுதான் மிச்சம். "வாரத்துல ஒரு நா இப்பிடிச் சத்தம் கேக்கக் கூட்டிப்போங்க" என்றாள். எனக்கு அழுகை வந்துவிடும் போல இருந்தது.

அடுத்த வாரம் சத்தம் கூடியது. பின்னால் இருப்பவர்களே பேச்சை நிறுத்திக் கேட்கிற அளவுக்குக் கூடியது. சனிக்கிழமை சாயங்காலம் இறங்கும்போது கங்காணியக்கா, முன்கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னார்.

"அப்பு, நான் ஒம்மேல கொற சொல்லல. ஆனா இம்புட்டுப் பேருக்கும் வீட்டுல நாந்தான் பதில் சொல்லணும். திங்கக்கெழமையும் இது இப்பிடி அழுதுச்சுன்னா, செவ்வாக்கெழமைல இருந்து நான் வேற வண்டி பாத்துக்கிருவேன்."

நான் சரி என்றேன்.  அவர் போனால் எட்டுப் பேரும் போவார்கள். எட்டுப் பேர் போன பிறகு அந்த வண்டியை வைத்துக்கொண்டு நான் செய்ய ஒன்றும் இல்லை.

மறுநாள் காலையில் மெக்கானிக்கிடம் நின்றேன். அவரும் நானும் ஒரே வயசு. ஒருவரை ஒருவர் மாப்ளே என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். அவர் என் நோட்டைக் கையில் வாங்கவே இல்லை.

"கோடெல்லாம் வேணாம். எந்தப் பக்கம் ஒடிச்சாச் சத்தம் வருது? அத மட்டும் சொல்லு."

நான் வெறுங்கையில் ஸ்டீரிங் பிடிக்கிற மாதிரி வைத்து, மூன்றாவது வளைவை மனசுக்குள் ஏறினேன். கை வலது பக்கம் போனது. பிறகு நாலாவது வளைவை இறங்கினேன். அதற்கும் கை வலது பக்கம்தான் போனது. ஏறும்போது வலது பக்கம் திரும்புகிற வளைவு, இறங்கும்போது இடது பக்கம் திரும்பும். அவ்வளவுதான் சங்கதி. ஒரு வாரமாக இது தெரியாமல் நோட்டில் கோடு போட்டிருக்கிறேன். வெட்கமாக இருந்தாலும், ஒரு முடிச்சு அவிழ்ந்ததில் நெஞ்சு லேசானது.

"வலது பக்கம் திருப்புனாத்தான் வருது மாப்ளே."

"அப்ப இடது சக்கரத்தப் பாப்போம்."

லேசான நெஞ்சு மறுபடி கனத்தது. "வலதுன்னு சொல்றேன், நீ இடதுங்குற?"

"வழக்கமா எதிர்ப் பக்கந்தான் மாப்ளே கத்தும்."

"நான் என்ன செவிடா? சத்தம் என் காலுக்கிட்ட கேக்குது. நான் வலது பக்கந்தான ஒக்காந்திருக்கேன்?"

அவர் ஜாக்கியை எடுத்து வைத்தார். "நல்லா யோசிச்சுச் சொல்லு."

"வலதுதான்."

வலது சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, கழற்றி, உள்ளே இருக்கிற இரண்டு பேரிங்கையும் எடுத்துத் துடைத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். லேசாகத் தேய்ந்திருந்தது, கெட்டுப்போகவில்லை. புதுக் கிரீஸ் அடைத்துப் பூட்டினார். இடதையும் ஒருதரம் பார்த்துவிடலாம் என்றார். நான்தான் வேண்டாம் என்றேன். எதையாவது கழற்றினால் புதிதாக எதையாவது கண்டுபிடிப்பார்களோ என்பது என் பயம். டாக்டரிடமும் நான் அப்படித்தான், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு வந்துவிடுவேன். ஊருக்குள் இரண்டு தெரு சுற்றிப் பார்த்தோம். ஆள் இல்லாத வண்டி, சம தரை, சத்தமே இல்லை.

"வண்டி நல்லாருக்கு. ஒங் காதுலதான் பேரிங் போயிருச்சு போல" என்றார். கூலியைக் கொடுத்துவிட்டுச் சந்தோஷமாக வந்தேன்.

திங்கட்கிழமை அந்தப் பத்துப் பேரும் மலை ஏறினோம்.  மூன்றாவது வளைவில் சத்தம் இருந்தது, ஆனால் குறைவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஐந்தாவதில் அப்படிச் சொல்லிக்கொள்ள முடியவில்லை. ஏழாவதில் பின்னால் யாரோ சாமி பெயரைச் சொன்னார்கள். ஒன்பதாவது வளைவில் நறநறப்பு கடகடப்பாக மாறி, ஸ்டீரிங் என் கைக்குள் நடுங்கியது. அதற்கு மேல் எனக்குத் தைரியம் இல்லை. வளைவு தாண்டி, கைப்பிடிச் சுவர் இருக்கிற அகலமான இடத்தில் ஓரங்கட்டினேன்.

எல்லாரையும் இறங்கச் சொன்னேன். மணி ஏழு. பஞ்சு மாதிரி மேகம் கீழே இருந்து ஏறிக்கொண்டிருந்தது. கங்காணியக்கா சுவரில் உட்கார்ந்து, என்னை ஒரு பார்வை பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

மெக்கானிக்குக்குப் போன் போட்டேன். எல்லாருக்கும் கேட்கட்டும் என்று சத்தமாக வைத்தேன். தனியாகப் பேசினால் நான் எதையோ மறைக்கிறேன் என்று நினைப்பார்களே.

"மாப்ளே, ஒம்பதாவது வளைவுல நிக்கிறேன். வலதுதான். நீ போட்டது சரியில்ல."

"போட்டதெல்லாம் சரியாத்தான் போட்டேன். இப்ப எங்குட்டு இருந்து சத்தம் வந்துச்சு?"

"சொன்னேன்ல, வலது."

"இல்லண்ணே" என்றாள் சிலமலைப் பெண். அதுவரைக்கும் அவள் வாய் திறக்கவில்லை. "எங் காலுக்குக் கீழதான் கடகடங்குது. பாதமெல்லாம் கூசுது. ஒரு வாரமா நான் காலத் தூக்கி வச்சுக்கிட்டுத்தான வாறேன்."

"நீ இடது பக்கம்ல ஒக்காந்திருக்க?"

"ஆமா."

"வலது பக்கம் திருப்புறப்பத்தான சத்தம் வருது? அப்ப எப்பிடி இடது பக்கம் வரும்?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு வண்டிக்குப் பின்னால் போய், தூக்குவாளிச் சாக்கை இறக்கித் தலையில் வைத்துக்கொண்டு வந்தாள். "நல்லா பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு, தோட்டத்தில் சுமையோடு நடக்கிற மாதிரி ரோட்டில் வெரசாக நடந்து, சட்டென்று வலது பக்கம் திரும்பி அப்படியே நின்றாள். வாளிகள் உள்ளே கலகலத்தன.

"இப்ப எந்தக் காலு ஊனி நிக்குதுண்ணே?"

இடது கால். உடம்பு மொத்தமும் இடது காலில் இறங்கியிருந்தது. வலது கால் சும்மா தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"திரும்புற பக்கமா பாரம் போகும்? எதிர்ப் பக்கந்தான் போகும். பின்னால கேளுங்க, நீங்க வலது பக்கம் ஒடிக்கிறப்ப எல்லாம் அந்த நாலு பேரும் இந்த மூணு பேரு மடியில வந்து விழுகுறாங்க."

"ஆமா, தெனமும் ஏம்மேலதான் விழுகுறா, நூறு கிலோ" என்று ஒரு குரல் வந்தது. விழுகிறவள், "நீ மட்டும் என்ன பூங்கொத்தா?" என்றாள். சிரித்தார்கள். கங்காணியக்கா சிரிக்கவில்லை.

போனுக்குள் இருந்து மெக்கானிக் சொன்னார்: "அந்தத் தங்கச்சி யாருன்னு கேட்டு வையி. எங் கடைக்கு ஆள் வேணும்."

அப்புறம் இரண்டு சக்கரத்தின் நடுவிலும் கை வைத்துப் பார்க்கச் சொன்னார். வலது சக்கரத்தில் வைத்தேன். வெதுவெதுப்பு, டீக் கிளாஸ் ஆறினமாதிரி. இடதில் வைத்த கையை வைத்த வேகத்தில் எடுத்துவிட்டேன். தோசைக்கல். எனக்கு உடனே அந்தப் பழைய பயம், தீ. ஓடிப்போய் வண்டிக்குள் இருந்த தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

"மாப்ளே, கொதிக்குது. இரு, தண்ணிய ஊத்துறேன்."

"ஊத்தாத. கேனக் கீழ வையி."

"கொஞ்சமா ஊத்துறேன்."

"மாப்ளே, கேனக் கீழ வையின்னேன். வச்சுட்டியா? சரி, இப்பச் சொல்லு. எத்தன நாளா ஊத்துற?"

நான் கேனின் மூடியைத் திருகி மூடினேன். பின்னால் இருந்து ஒரு பெண், உதவி செய்கிற மாதிரி நினைத்துக்கொண்டு, "ஊத்த மாட்டாருண்ணே. தெனமும் ஓடைக்குள்ளதான் எறக்கி நிப்பாட்டுவாரு" என்றாள்.

மெக்கானிக்கின் குரல் உயர்ந்தது.

"தெனமுமா?"

"மல எறங்குனதும்" என்றேன். "சூடு தணியட்டுமேன்னு."

"சூடான டம்ளரத் தண்ணியில கவுத்தினா என்னாகும் மாப்ளே? தண்ணிய உள்ள இழுக்கும்ல? அதேதான். சக்கரத்துக்குள்ள இருக்குற காத்து சூட்டுல விரிஞ்சு இருக்கும். நீ பச்சத்தண்ணிக்குள்ள விட்டதும் அது சுருங்கி, வெளிய இருக்குற தண்ணியையும் மணலையும் உள்ள உறிஞ்சிக்கிரும். நீ பேரிங்குக்கு தெனமும் குடிக்கத் தண்ணி காட்டியிருக்க. சக்கரத்துக்குக் கல்லக் குடுத்து வண்டிய நிப்பாட்டு. அசைக்காத. சாமான் வாங்கிட்டு வர்றேன்."

போனை வைத்தேன். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வண்டி கெட்டுவிடக் கூடாதே என்று நான் செய்த ஒரே காரியம் வண்டியைக் கெடுத்திருக்கிறது. அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. அந்த 'சுர்' சத்தம் கேட்டு நான் நிம்மதியாக மூச்சு விட்டேனே, அப்போதெல்லாம் தண்ணீர் உள்ளே போய்க்கொண்டிருந்ததா? அப்படியென்றால் நான் நிம்மதியாக இருக்கிற மற்ற நேரங்களில் என்னென்ன நடந்துகொண்டிருக்கிறது?

கங்காணியக்கா மெதுவாகக் கேட்டார். "அப்ப நாங்க காலு கழுவுனதும் தப்பா அப்பு?"

"நீங்க கழுவுனது தப்பில்லக்கா. சக்கரம் கழுவுனதுதான்."

இரண்டு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தோம். என் மனைவி முதல் தடவை போன் செய்து மெட்டு ஏறியாச்சா என்று கேட்டாள். ஏறிக்கொண்டிருக்கிறேன் என்றேன். இரண்டாம் தடவை, "மெக்கானிக் அண்ணன் எல்லாத்தையும் சொல்லிட்டாரு" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். மூன்றாம் தடவை, இட்லி சாப்பிட்டீங்களா என்றாள். அதற்குள் பெண்கள் மதியச் சோற்றைச் சுவரில் வைத்துப் பாதி சாப்பிட்டிருந்தார்கள். எனக்கும் ஒருத்தி மூடியில் வைத்துக் கொடுத்தாள். அதை அப்படியே சுவரில் வைத்துவிட்டேன். வெளியூர்க் கார் ஒன்று நின்று, இதுதான் எல்லாரும் நின்று பார்க்கிற இடமா என்று விசாரித்தது. ஆமாம் என்று பெண்கள் சொல்லிவிட்டார்கள். காரில் வந்தவர்களும் இறங்கி, மேகத்தையும் எங்களையும் படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

அதைவிட மோசம், அதே தோட்டத்துப் பக்கம் போகிற வேறொரு ஜீப்பு வந்து நின்றது. ஓட்டுகிறவனை எனக்குத் தெரியும். தலையை வெளியே நீட்டி, என்னிடம் பேசாமல் நேராகக் கங்காணியக்காவிடம் பேசினான்.

"என்ன ஆத்தா, மலையில பொங்கலா? இப்பவே நாலு பேர நெருக்கி ஏத்திக்கிருவேன். நாளைல இருந்து மொத்தப் பேரும் நம்ம வண்டிக்கு வந்துருங்க. வண்டி பழசுதான், ஆனா அழுகாது."

நான் கீழே கிடந்த கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அக்கா எழுந்து சேலையை உதறினார். போகப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"நாலு பேரு போயி அஞ்சு பேரு நின்னா தோட்டத்து மேஸ்திரிகிட்ட நான் என்னன்னு சொல்ல? நீ போ. நாளையத நாளைக்குப் பாப்போம்."

அவன் போய்விட்டான். 'பாப்போம்' என்ற அந்த ஒரு சொல்லை நான் திருப்பித் திருப்பி யோசித்துக்கொண்டிருந்தேன். அது வேண்டாம் என்பதா, வருகிறேன் என்பதா என்று பிடிபடவில்லை.

மெக்கானிக் வரும்போது ஒன்பதரை. கடைக்காரரை வீட்டில் போய் எழுப்பி வாங்கினாராம். வந்ததும் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. இடது சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டிக் காட்டினார். ஆடக் கூடாத சக்கரம் ஆடுகிற பல் மாதிரி ஆடியது. கழற்றினார். வலதில் நன்றாக இருந்த ரப்பர் வளையம் இதில் கிழிந்திருந்தது. உள்ளே இருந்து கிரீஸ் பால்காப்பி நிறத்தில் வழிந்தது. அதற்குள் ஓடை மணல் மினுமினுத்தது. பேரிங்கின் உருளைகள் சிலது நீலம் பாரித்து, சிலது மேல்தோல் உரிந்து, ஒன்று பாதியாக உடைந்து கிடந்தது. அதை என் உள்ளங்கையில் வைத்தார்.

"இன்னும் நாலு வளைவு போயிருந்தா சக்கரம் இறுகி நின்னுருக்கும். இல்ல, தனியாப் போயிருக்கும்."

ஒன்பது பெண்களும் சுற்றி நின்று அதைப் பார்த்தார்கள். அதை ஏன் அவர்கள் முன்னால் சொன்னார் என்று எனக்குக் கோபம் வந்தது. சொல்லாமல் இருந்திருந்தாலும் கோபம் வந்திருக்கும்.

சக்கரத்துக்குள் ஒட்டிக்கொண்டிருந்த பழைய பேரிங் வளையங்களைத் தட்டி எடுத்தார். மணலைத் துடைத்து, மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவி, மறுபடி துடைத்தார். புதுப் பேரிங்கை உள்ளங்கையில் கிரீஸ் வைத்து, சோற்றை உருட்டுகிற மாதிரி அழுத்தி அழுத்தி ஊட்டினார். தண்ணீர் புகாமல் தடுக்கிற புது ரப்பர் வளையத்தை மரக்கட்டை வைத்துத் தட்டி உட்கார வைத்தார். நட்டை இறுக்கமாகப் பிடித்து, சக்கரத்தைச் சுற்றி, பிறகு அதே நட்டைக் கொஞ்சம் தளர்த்தினார்.

"எதுக்குத் தளத்துற? இறுக்கமாவே இருக்கட்டுமே" என்றேன். என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"ரொம்ப இறுக்குனாலும் கருகிப்போகும் மாப்ளே. இது ஒனக்கும் சேத்துச் சொல்றேன்."

சக்கரத்தைக் கையால் ஒரு சுற்று சுற்றிவிட்டார். அது சத்தமே இல்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. எல்லாரும் அது நிற்கிறவரைக்கும் பார்த்தோம்.

மிச்ச எட்டு வளைவையும் ஏறினோம். பதினொன்று, பதின்மூன்று, பதினைந்து, பதினேழு. வலது பக்கம் திருப்பும்போதெல்லாம் நான் மூச்சை அடக்கினேன். சிலமலைப் பெண் இரண்டு பாதத்தையும் தரையில் பதித்து வைத்திருந்தாள். ஒவ்வொரு வளைவு முடிந்ததும் லேசாகத் தலையை ஆட்டினாள். எனக்கு அவள் முகம்தான் காது.

தோட்டத்தில் பதினொன்றரைக்கு இறங்கினார்கள். மேஸ்திரி யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. ஒன்பது பேருக்கும் அரை நாள் எழுதிவிட்டுப் போய்விட்டார்.

சாயங்காலம் இறங்கும்போது வாடை வந்தது, அதே கருகல் வாடை. ஓடை தெரிந்தது. கை தானாக அந்தப் பக்கம் திருப்பப் பார்த்தது. ரோட்டின் மேலேயே, தண்ணீருக்கு இருபதடி தள்ளி நிறுத்தினேன். பெண்கள் இறங்கி நடந்து போய்க் கால் கழுவினார்கள். நான் மட்டும் வண்டியோடு நின்று, சக்கரம் தானாக ஆறுகிறவரைக்கும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தீப்பிடிக்கவில்லை. நான் அதை நம்பினேன் என்று சொல்ல முடியாது.

கங்காணியக்கா ஈரக் காலோடு வந்து நின்றார்.

"அரை நாக் கூலி போச்சு. அத யாரு குடுப்பா?"

"நாந்தான் குடுக்கணும்க்கா. மொத்தமா முடியாது. வாரம் ரெண்டு பேருக்குன்னு குடுத்துருறேன்."

"ஒம் பயத்துக்கு நாங்க எல்லாரும் அரை நாளு விட்டோம். இனிமே பயந்தீன்னா வாயத் தொறந்து கேளு. நாலு பேருகிட்டக் கேளு. தனியா ஒக்காந்து கோடு போடாத."

சரி என்றேன். நாளைக்கு என்ன என்று கேட்க நாக்கு வரவில்லை. அவரே ஏறி, கியர் கம்பிக்கு இரண்டு பக்கமும் காலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு சொன்னார்.

"நாளைக்கும் அஞ்சே முக்காலுக்கே நில்லு. தாமசம் பண்ணாத."

தலைக்கு இருநூற்று இருபத்தைந்து ரூபாய். ஒன்பது பேருக்குக் கணக்குப் போட்டு, அதே நோட்டின் பின்பக்கத்தில், அந்த வளைவுக் கோடுகளுக்குக் கீழே எழுதினேன். வாரம் இரண்டு பேராக நான்கு வாரத்தில் எட்டுப் பேருக்குக் கொடுத்து முடித்தேன். கங்காணியக்கா வாங்கி எண்ணிப் பார்த்துத்தான் முந்தானையில் முடிந்தார். நூறு கிலோ என்று பேர் வாங்கினவள், இனிமேல் அடிக்கடி ரிப்பேர் ஆகட்டும் என்றாள்.

ஐந்தாவது வாரம் சிலமலைப் பெண்ணிடம் நீட்டினேன். அவள் கை நீட்டவில்லை.

"எனக்கு இப்ப வேணாம்ணே. ஒங்ககிட்டயே இருக்கட்டும்."

"ஏம்மா? எல்லாரும் வாங்கிட்டாங்களே."

"அதனாலதான். எல்லாருக்கும் தீத்துட்டா நீங்க நிம்மதியாயிருவீங்க. அந்த நிம்மதிக்காகத்தான ஓடைக்குள்ள விட்டீங்க? ஒரு ஆளுக்காவது பாக்கி இருந்தாத்தான் சக்கரத்தத் தொட்டுப் பாத்து ஓட்டுவீங்க."

அது கேலியா, நிஜமா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. பிறகு இரண்டு தடவை நீட்டிப் பார்த்தேன், இரண்டு தடவையும் அதே பதில். அவள் இப்போதும் அதே இடது கதவோரம்தான் உட்காருகிறாள். வலது பக்கம் ஒடிக்கும்போது நான் அவள் பாதத்தைப் பார்க்கிறேன். அது தரையில் பதிந்திருக்கிறது. மெட்டில் டீக்கு நிறுத்தும்போது, இறங்கி இரண்டு சக்கரத்தின் நடுவிலும் கை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் டீக் கிளாசை வாங்குகிறேன். அதை அவள் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

நோட்டில் எட்டுப் பேருக்கு எதிரே கோடு இருக்கிறது. ஒன்பதாவது வரிக்கு எதிரே ஒன்றும் இல்லை. பாக்கி, இருநூற்று இருபத்தைந்து ரூபாய்.